எழுதினால் துக்கம் ஆறுமா?

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் படுக்கப் போகும் முன் நோட்டில் எழுதுகிறீர்கள். எழுதி முடித்ததும் அழுகை கூடுகிறது, தூக்கம் போய்விடுகிறது. "எழுதி எழுதிப் புண்ணைக் கிளறிக்கொள்கிறாய்" என்று கணவர் சொல்கிறார். எழுதுவது உண்மையிலேயே ஆற்றுமா, எத்தனை காலம் எழுத வேண்டும், நிறைந்துபோன நோட்டுகளை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அந்த வாரத்தில் எழுதத் தொடங்கினேன், இன்னும் நிறுத்தவில்லை. உறவுகளை இழந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதும் சிறு குழுக்களை 11 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் என்னை நம்பி வருகிறவர்களுக்கு அறியாமல் தீங்கு செய்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனாலேயே இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. எழுதிய கையோடு மனம் கனப்பது உங்களுக்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்விலேயே இது பதிவாகியிருக்கிறது. 46 கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்களை உலுக்கிய ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். அவர்களிலும் சிலர் நடந்ததை மட்டும், சிலர் பட்ட உணர்ச்சியை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்ததும் சோர்ந்துபோனார்கள், இரத்த அழுத்தமும் ஏறியிருந்தது. ஆனால் அடுத்த 6 மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்தின் படியேறும் தேவை அவர்களுக்குத்தான் குறைந்தது. கனம் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. பலன் பின்னால் வருகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்குப் பாதியைத்தான் சொன்னவளாவேன். அந்த ஆய்வுக்குப் பிறகு பலர் இந்த முறையைப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தார்கள். 146 ஆய்வுகளைத் திரட்டி ஜோஆன் ஃபிராட்டரோலி 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பலன் இருப்பது உண்மை, ஆனால் சராசரியில் அது சிறியது. துக்கத்துக்கென்று தனியாகப் பார்த்தால் சங்கடம் இன்னும் கூடுகிறது. துணையை இழந்தவர்களை வைத்து நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப் குழுவினர் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. உள்ளத்தில் உள்ளதை எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் துக்கம் ஆறுவதில் வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்பது அதன் முடிவு. முதன்முறை அதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அந்தத் தாள்களை எடுத்துப் பார்க்கவே இல்லை. என் உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒன்றை ஒன்றுமில்லை என்கிறார்களே என்று வலித்தது.

பிறகு நிதானமாக யோசித்தபோது என் முதல் இரண்டு ஆண்டு நோட்டுகளே அந்த முடிவுக்குச் சாட்சி என்று புரிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் நான் கொட்டிக்கொண்டே இருந்தேன். ஆறவில்லை. மூன்றாம் ஆண்டில் எழுதும் விதம் மாறியது, அதன் பிறகுதான் ஏதோ நகர்ந்தது. எனவே உங்களுக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உங்கள் வலியைப் பற்றி எழுதுவதைக் குறைத்து, அம்மாவைப் பற்றி எழுதுவதைக் கூட்டுங்கள்.

என்ன மாறியது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

தம்பி இறப்பதற்கு முதல் நாள் நாங்கள் போனில் சண்டை போட்டோம். பண விஷயம். "உன்னிடம் பேசுவதே வீண்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மறுநாள் காலை விபத்து. என் முதல் நோட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே வாக்கியம் இருக்கிறது, மேலிருந்து கீழ் வரை. தாள் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தியிருக்கிறேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் எழுதியதெல்லாம் அந்தப் பக்கத்தின் மறுபடிகள்தான். சொற்கள் மாறின, சங்கதி மாறவில்லை.

மூன்றாம் ஆண்டில், எனக்கு மூத்த ஒருவர், தன் மகளை இழந்தவர், அந்த நோட்டைப் படித்துவிட்டு ஒன்று சொன்னார்: "நீ என்ன நினைத்தாய் என்பதை விடு. அன்றைக்கு என்ன நடந்தது என்று மணிக்கணக்கில் எழுது. எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன உடுத்தியிருந்தாய், எல்லாம்." எழுதினேன். காலை, மதியம், நான்கு மணிச் சண்டை. அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மணிக்கணக்கு என்று தொடங்கிவிட்டதால் கை ஐந்துக்கும் ஆறுக்கும் நகர்ந்தது. ஏழு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தேன்? துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவன்தான். சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அக்கா, போன வாரம் சைக்கிளுக்குக் காற்றடித்தாயே, பம்பை எங்கே வைத்தாய்?" என்று கேட்டான். "கதவுக்குப் பின்னால் இருக்கும், பார்" என்றேன். ஏதோ உருளும் சத்தம். "இருக்கிறது, இருக்கிறது" என்றான். வைத்துவிட்டான்.

எங்கள் கடைசிப் பேச்சு அதுதான். மூன்று ஆண்டுகளாக அதை நான் மறந்தே போயிருந்தேன். குற்ற உணர்ச்சி அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சண்டை நடந்தது நடந்ததுதான், அதை யாரும் அழிக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பம்ப் வந்து கதையை முடித்துவைத்திருக்கிறது. அன்றிரவு தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினேன்.

ஆய்வாளர்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். பென்னபேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் மக்கள் எழுதிய பக்கங்களைச் சொல் சொல்லாகக் கணினியில் எண்ணிப் பார்த்தார்கள். 1997-இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது: "ஏனெனில்", "அதனால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் யாருக்குக் கூடியிருந்தனவோ, அவர்களின் உடல்நலம் தேறியது. 2003-இல் ஷெர்லாக் கேம்ப்பெல்லும் பென்னபேக்கரும் இன்னொன்றைக் கண்டார்கள். "நான்", "அவர்", "நாங்கள்" போன்ற சொற்களை ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் எழுதியவர்களைவிட, நாளுக்கு நாள் மாற்றி எழுதியவர்களுக்கே பலன் கூடுதல். என் முதல் நோட்டில் வரிக்கு வரி "நான்". தம்பியைப் பற்றிய நோட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதில் தம்பியே இல்லை.

இழப்பைப் பாடும் துறைக்கு நம் மொழி வைத்திருக்கும் பெயர் கையறுநிலை. செய்ய ஏதுமற்றுக் கை ஓய்ந்துபோன நிலை. இதைவிடச் சரியான பெயரை நான் அறியேன். அந்தத் துறையில் பாரி மகளிர் பாடியது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு. அந்த மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் குன்றை வேந்தர்கள் கொண்டார்கள், தந்தையும் இல்லை. பாட்டு அவ்வளவுதான், ஐந்தே அடிகள். அழுகை, துயரம், வலி என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. நிலவு மாறவில்லை, கீழே எல்லாம் மாறிவிட்டது. என் குழுவில் முதல் நாள் இந்தப் பாட்டைப் படித்துக்காட்டிவிட்டு, "மாறாமல் இருக்கும் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, மாலை ஐந்து மணி. அன்று, இன்று என்று இரண்டே வாக்கியம் எழுதுங்கள்" என்பேன். மனைவியை இழந்த முதியவர் ஒருவர், வாழ்க்கையில் கடிதம்கூட எழுதாதவர், ஒரு மணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் எழுதியது: "அவள் இருந்தபோது இந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடியது. இப்போது சரியான நேரம் காட்டுகிறது." மனைவிதான் முள்ளைத் தள்ளி வைப்பாராம், எங்கேயும் தாமதமாகப் போய்விடக் கூடாதென்று. அடுத்த வாரம் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

உங்கள் அம்மாவை அப்படி எழுதுங்கள். கதவைப் பூட்டிய பிறகு இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாரா? ஊசியில் நூல் கோக்கும்போது எந்தக் கண்ணை மூடுவார்? கோபம் வந்தால் சத்தம் கூடுமா, குறையுமா? உங்களை முழுப்பெயர் சொல்லி எப்போது அழைப்பார்? அவருடைய குறைகளையும் எழுதுங்கள். இறந்தவர்களைத் தெய்வமாக்கிவிட்டால் நம் அம்மா நம் கையை விட்டுப் போய்விடுவார், அந்த இடத்தில் ஒரு படம்தான் மிஞ்சும்.

இனி நேரம் பற்றி. படுக்கப் போகும் முன் எழுதுவதை நிறுத்திவிடுங்கள், இன்றே. நான் கண்டவரையில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் எழுத்து அன்று, எழுதும் நேரம். காலையிலோ மாலை வெளிச்சம் இருக்கும்போதோ எழுதுங்கள். 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிட்டு, கைக்கு வேலை தரும் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். பாத்திரம் துலக்குங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், நடந்துவிட்டு வாருங்கள். எழுத்தில் பலன் காணவில்லை என்று சொன்ன அதே மார்கரெட் ஸ்ட்ரோப்தான் ஹென்க் ஷுட்டுடன் சேர்ந்து 1999-இல் ஒரு விளக்கம் தந்தார். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நேராகப் பார்ப்பதும், அதிலிருந்து விலகி அன்றாடத்தைக் கவனிப்பதுமாக இங்கும் அங்கும் ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டம்தான் ஆரோக்கியம் என்பது அது. எப்போதும் அழுதுகொண்டிருப்பதும் ஆகாது, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதும் ஆகாது. அலாரம் அந்த ஊசலைத் தள்ளிவிடும் கை. துக்கத்தில் மறுப்பு, கோபம், பேரம் என்று தொடங்கும் ஐந்து படிகளை ஏறி முடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அவற்றைச் சொன்னது, தங்கள் இறப்பையே எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து.

தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1977 அக்டோபரில் தாயை இழந்த மறுநாள் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எழுதினார், நோட்டில் அன்று, தாளை நான்காகக் கிழித்த துண்டுகளில். சில துண்டுகளில் ஒரே வரிதான் இருக்கும். துண்டுத்தாளுக்கு ஒரு நன்மை உண்டு: பக்கம் நிரம்ப வேண்டும் என்று அது உங்களைக் கேட்பதில்லை.

எழுத்து ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று தோன்றினால் கடிதமாக மாற்றிப் பாருங்கள். பிர்கிட் வாக்னரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2006-இல் வெளியிட்ட சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. துக்கம் தீராமல் முடங்கிப்போனவர்கள் 5 வாரங்கள், வாரத்துக்கு இரண்டு முறை, 45 நிமிடம் எழுத வேண்டும்; சிகிச்சையாளர் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் தருவார். அதன் நடுப்பகுதியில், இதே இழப்பைச் சந்தித்த ஒரு தோழிக்கு எழுதுவதுபோலக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அந்த முறையில் பலன் நன்றாகத் தெரிந்தது. வெறுமனே எழுதச் சொன்ன நெதர்லாந்து ஆய்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, என் பார்வையில், வழிகாட்டுதலும் படிக்க ஓர் ஆளும்தான். தோழிக்கு எழுதும்போது நாம் நமக்கு ஒருநாளும் சொல்லிக்கொள்ளாததைச் சொல்லிவிடுகிறோம். "அன்றைக்கு நீ மருத்துவமனையில் இல்லாமல் போனது உன் குற்றம் இல்லை" என்று தோழிக்கு எழுதிவிட்டு, அதையே தனக்கு வாசித்துக்காட்டி உடைந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நல்ல அழுகை.

அம்மாவுக்கும் கடிதம் எழுதலாம். ஆனால் அம்மா சொல்வதுபோலப் பதிலை உடனே எழுதாதீர்கள். சில மாதம் அவருடைய பேச்சை எழுதிப் பழகிய பிறகு எழுதினால், பதில் அவர் குரலிலேயே வரும். சீக்கிரம் எழுதினால் நாம் கேட்க விரும்புவதுதான் வரும்.

எத்தனை காலம் என்ற கேள்விக்கு வருகிறேன். முடிவு தேதி கிடையாது. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1833-இல் நண்பனை இழந்தார். அந்த நண்பனுக்காக எழுதிய கவிதைகள் நூலாக வெளிவந்தது 1850-இல். 17 ஆண்டுகளும் அவர் ஒரே துயரத்தில் இருந்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. துயரம் உருமாற மாற எழுத்தும் கூடவே வந்திருக்கிறது. நான் இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று முறைதான் எழுதுகிறேன். தம்பியின் பிறந்த நாளுக்கு ஒரு பக்கம். சில ஆண்டுகளில் அது "மழை. மறந்துவிட்டேன், மறுநாள் எழுதுகிறேன்" என்ற அளவில் இருக்கிறது. முன்பெல்லாம் அப்படி மறந்தால் துரோகம் போலத் தோன்றும். இறந்தவரிடமிருந்து முழுவதும் விடுபட்டால்தான் துக்கம் முடிந்ததாகப் பொருள் என்று உளவியலில் நெடுங்காலம் ஒரு கருத்து இருந்தது. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996-இல் அதை மறுத்தார்கள்: உறவு முடிவதில்லை, வடிவம் மாற்றிக்கொண்டு தொடர்கிறது, அது நோயும் இல்லை. தம்பி இறந்தபோது அவனுக்கு 30 வயது. முதல் நோட்டுகளில் அவன் என் தம்பி. எனக்கு 50 தாண்டிய பிறகு எழுதும்போது, அவன் எனக்குப் பிள்ளை வயதுப் பையனாகிவிட்டான். அவனிடம் சண்டை போட்ட அந்தப் பெண்ணும் எனக்கு இப்போது சின்னவளாகத் தெரிகிறாள். அவளையும் மன்னிக்க முடிகிறது. ஐந்து ஆண்டில் நிறுத்தியிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எழுதுவது எல்லா நேரத்திலும் போதாது. எழுதத் தொடங்கியதும் தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது பென்னபேக்கரே சொல்லும் விதி. எழுதிய கனம் சில மணி நேரத்தில் இறங்காமல் நாள்கணக்கில் நீடித்தாலோ, வாரக்கணக்கில் ஒரே வாக்கியத்தையே எழுதிக்கொண்டிருந்தாலோ, எழுந்து குளிக்கவும் சாப்பிடவும்கூட முடியாமல் போனாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டிருக்கிறது, 6 மாதம் தாண்டியும் கடுமை குறையாவிட்டால். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் ஏற்றது. பெரியவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் அளவு 12 மாதம். உங்கள் எட்டு மாதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அழுவது நோய் இல்லை. ஆனால் அம்மாவிடமே போய்விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நோட்டை மூடிவிட்டு உடனே ஓர் ஆளிடம் சொல்லுங்கள். அந்த எண்ணத்தை நோட்டிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக நோட்டுகள். என்னிடம் 23 இருக்கின்றன. 24-ஆவது ஒன்று இருந்தது, வீட்டாரின் மேல் எனக்கிருந்த கோபம் முழுக்க அதில் இருந்தது. ஆறாம் ஆண்டில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டேன். இன்று வரை வருந்தியதில்லை. உங்களுக்கு நான் சொல்லும் யோசனை, வலியை எழுதும் நோட்டு வேறு, அம்மாவை எழுதும் நோட்டு வேறு என்று இப்போதே பிரித்துவிடுங்கள். முதலாவது உங்களுடையது, வைத்துக்கொள்ளலாம், அழிக்கலாம், யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கணவருக்கும் காட்ட வேண்டியதில்லை. இரண்டாவதை நல்ல தாளில், தெளிவான கையெழுத்தில், தேதி போட்டு எழுதுங்கள். அதை ஒருநாள் யாராவது கேட்பார்கள்.

என்னிடம் தம்பி மகள் கேட்டாள். அவன் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. 17 வயதில் ஒருநாள் வந்து, "அத்தை, அப்பா எப்படிச் சிரிப்பார்?" என்றாள். படியெடுத்து வைத்திருந்த நோட்டைக் கொடுத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து இருட்டும் வரை படித்தாள். எழுந்து வந்து சிரிப்பைப் பற்றியோ விபத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. "அந்தப் பம்ப் இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினேன். வாஷர் போய்விட்டது, காற்று ஏறாது. அதை அவளே எடுத்துப் போனாள்.